ஐந்தாவது ஆள்

அவர் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்துகொண்டு, மருந்து அறை வாசலில் நின்று, பெண்கள் முன்னால் "எனக்குப் பயமா இருக்கு" என்று தினமும் சொன்ன ஒரே ஆம்பளை அவர்தான். மற்ற போர்மேன்கள் அப்படி இல்லை. "ஒண்ணும் ஆகாது, வேலையப் பாருங்க" என்று மீசையைத் தடவிக்கொண்டு சொல்வார்கள். சொல்லிவிட்டு, அறையிலிருந்து நல்ல தூரம் தள்ளிப் போய் உடை மரத்து நிழலில் உட்கார்ந்துகொள்வார்கள்.

இவர் உள்ளே வந்து உட்காருவார்.

கம்பெனி ஏழாயிரம்பண்ணைப் பக்கம். கரிசல் காட்டுக்கு நடுவில் தனித்தனியாக அறைகள். ஒன்று வெடித்தால் அடுத்தது தப்பட்டும் என்று இடைவெளி விட்டுக் கட்டியிருப்பார்கள். எங்கள் அறையில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற வேலை. சுவரில் சிவப்பு பெயிண்டில் 'ஆள் 4' என்று எழுதியிருக்கும். அதற்கு மேல் ஒருவர் உள்ளே இருக்கக் கூடாது. நான் ஒருத்தி, பேச்சியக்கா ஒருத்தி, அவள் மகள் சுந்தரி ஒருத்தி. நாலாவது இடத்துக்கு ஆள் போடாமல் அவரே சம்மணம் போட்டு உட்கார்ந்து எங்களோடு மருந்து அடைப்பார். போர்மேனுக்கு அந்த வேலை இல்லை. மேற்பார்வை பார்த்தால் போதும். கேட்டால், "வெளிய நின்னுக்கிட்டு உள்ள இருக்கவங்களுக்கு என்னத்தச் சொல்ல?" என்பார்.

நாங்கள் அவரைப் போர்மேன் அண்ணாச்சி என்போம். ஒல்லியான ஆள். வேட்டி, பருத்திச் சட்டை. காலையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மரக்கிளையில் மாட்டுவார். செருப்பை விடுவார். எங்கள் தலையில் இரும்பு ஊசி இருக்கிறதா, யாராவது நைலக்ஸ் சேலை கட்டியிருக்கிறோமா என்று பார்ப்பார். வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டை எல்லோரும் ஒரு தடவை தொட்டுவிட்டு உள்ளே போவோம், உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்கு. அவர் இரண்டு தடவை தொடுவார். பிறகு கண்ணை மூடி ஒரு ஜெபம். ரொம்பச் சின்னது. "ஆண்டவரே, நாங்க உள்ள போறோம். நீரும் வாரும்." அவ்வளவுதான். காப்பாற்று என்று அவர் வேண்டி நான் கேட்டதில்லை.

பேச்சியக்கா விடமாட்டாள். "அண்ணாச்சி, உள்ள நாலு பேருதான இருக்கணும். ஒங்க சாமி வந்தா அஞ்சாயிரும்லா? ஆபீசர் வந்து எண்ணுனா என்ன சொல்லுவீக?"

"அவரு பேரு ரிஜிஸ்தர்ல கிடையாது தாயி."

"கூலி?"

"அதுவும் கிடையாது."

"அப்ப நம்மள விடப் பாவப்பட்ட சாமியா இருக்காரே!"

"ஆமா" என்பார். சிரிக்கமாட்டார். அவருக்கு அது உண்மை.

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. எரிச்சலாக வரும். ஏனென்றால் அந்த ஆளை நான் முதன்முதலில் பார்த்தது என் தங்கச்சியின் சாவு வீட்டில்.

தங்கச்சி வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தாள். ஒரு புதன்கிழமை வேனில் போனவள் துணியில் சுற்றித்தான் திரும்பி வந்தாள். முகத்தைக் காட்டவில்லை. வீட்டுக்கு யார் யாரோ வந்தார்கள். கட்சிக்காரர்கள் மாலை கொண்டுவந்தார்கள். கம்பெனி ஆள் ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். எங்கள் ஊரில் சின்ன ஆலயம் ஒன்று உண்டு. அங்கிருந்து பாஸ்டரும் வந்தார். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், இருந்தாலும் எல்லாத் துக்க வீட்டுக்கும் அவர் வருவார். வந்து என் அம்மாவிடம் சொன்னார்: "எல்லாம் ஆண்டவர் சித்தம்மா. மனசத் தேத்திக்கோங்க."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. "சித்தமா? ஒங்க சாமி அன்னைக்கு எங்கன போயிருந்தாரு? வெடிக்கும்போது எங்கன இருந்தாரு, சொல்லுங்க!" என்று கத்தினேன். யாரோ என் வாயைப் பொத்த வந்தார்கள். தட்டிவிட்டேன்.

பாஸ்டருக்குப் பின்னால் நின்ற ஒல்லியான ஆள் பதில் சொன்னார். "உள்ளதான் இருந்தாரு தாயி. ஒந் தங்கச்சி பக்கத்துல. அவரும் கருகிட்டாரு."

பாஸ்டர் திரும்பி அவரைப் பார்த்தார். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டான் என்கிற பார்வை.

"கருகிப்போற சாமிய வச்சுக்கிட்டு நா என்னய்யா செய்ய?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "எனக்கும் தெரியல. ஆனா வெளிய நின்னு வேடிக்க பாக்குற சாமின்னா, நா கும்புடுறத என்னைக்கோ விட்டுருப்பேன்."

பாஸ்டர் கிளம்பினார். அந்த ஒல்லியான ஆள் போகவில்லை. வெறுந்தரையில் உட்கார்ந்தார். குழி மூடி எல்லோரும் வந்து தலை முழுகுகிற வரைக்கும் அங்கேயே இருந்தார். அவர் இருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் பொய். அந்த ஆளை அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் போய்விட்டவர்கள் மேல் இருந்த வெறுப்பு அவர் மேல் வரவில்லை. அதுவும் உண்மை.

மூன்று மாதம் கழித்து நானே அந்த வேலைக்குப் போனேன். மழை இல்லை, காட்டில் வேலை இல்லை. கம்பெனியில் கொண்டுபோய் விட்டது அவர் அறையில்.

அவர் பயத்தைப் பற்றி இன்னொன்று. ஐப்பசி மாதம், தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருந்தது. லாரி லோடுக்கு நிற்கிறது. மத்தியானம் வானம் இருட்டி, தூரத்தில் மின்னல் வெட்டியது. மின்னல் வெட்டினால் அறையை விட்டு எழுந்துவிட வேண்டும், அதுதான் சட்டம். மேனேஜர் வந்து, "தூரத்துலதான வெட்டுது, இருக்கத முடிச்சுட்டு எந்திரிங்க" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார். நாங்கள் அண்ணாச்சி முகத்தைப் பார்த்தோம். அவர் மருந்துக் கரண்டியைக் கீழே வைத்தார். கை நடுங்கியது. நடிப்பு இல்லை, நிஜமாகவே நடுங்கியது. "என்னால முடியல. எல்லாரும் எந்திரிங்க" என்றார்.

மேனேஜர் ஓடி வந்து அத்தனை பேர் முன்னால் திட்டினார். "நீயெல்லாம் ஒரு ஆம்பளையாய்யா? பொம்பளைங்களே பேசாம இருக்காக, ஒனக்கு என்ன நடுக்கம்?"

"பயந்துட்டேன் சார்."

"வெக்கமா இல்ல?"

"இருக்கு சார். பயமும் இருக்கு."

அவர் எழுந்ததால் நாங்களும் எழுந்தோம். மற்ற அறைகளிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். மின்னல் எங்கேயும் விழவில்லை. ஒரு மணி நேரம் வீணாகப் போயிற்று என்று அன்றைக்கு நானும் அவரைத் திட்டினேன். வேனில் வரும்போது எல்லோரும் கை நடுங்குவது போல நடித்துக் காட்டிச் சிரித்தோம். அவரும் முன் சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் வந்தார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது போதும்.

அடுத்த வருஷம் ஆவணி, சீசன் சூடுபிடித்த நேரம். ஒரு சனிக்கிழமை பேச்சியக்காவும் சுந்தரியும் வேலைக்கு வரவில்லை. சுந்தரிக்குப் பரிசம் போடுகிற நாள். மாற்றாக அடுத்த அறையிலிருந்து ஒருத்தி வந்தாள். மல்லாங்கிணற்றிலிருந்து எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள், அதனால் அவளை மல்லாங்கிணத்தா என்றே கூப்பிடுவோம். சாயங்காலம் வேலை முடிந்தபோது என் வட்டகைச் சட்டியில் இரண்டு படி அளவுக்கு மருந்து மிச்சம் இருந்தது. கலந்த மருந்தை அறையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. தூரத்தில் இருக்கும் குழிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும், அங்கே எரித்துவிடுவார்கள். நான் கொண்டுபோகவில்லை. திங்கட்கிழமை ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற நாள். காலையில் புது மருந்து வருகிற வரைக்கும் காத்திருக்காமல், இருப்பதை வைத்து வேலையை ஆரம்பித்தால் சீக்கிரம் கிளம்பலாம் என்று நினைத்தேன்.

மூலையில் வைத்து மூடினேன். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே, வெயிலுக்குச் சூடாகிவிடுமோ என்று ஒரு யோசனை. அதனால் ஒரு சாக்கை நனைத்துப் பிழிந்து மேலே போர்த்தினேன். ஈரமாக இருந்தால் தீப்பிடிக்காது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே உள்ளுக்குள் சூடேறும் என்று எனக்குத் தெரியாது. பத்திரமாக வைக்கிறேன் என்று நினைத்துத்தான் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை அண்ணாச்சி பூட்டைத் திறந்தார். எங்கள் அறைக்கு முன்பக்கம் ஒரு கதவு, பின்பக்கம் ஒரு கதவு. சுந்தரி பின்பக்கமாகப் போய்த் தன் இடத்தில் காகிதக் குழல் தட்டை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் முன்பக்கம். உள்ளே குப்பென்று மூத்திர நாற்றம்.

"எந்த நாயோ மோண்டுட்டுப் போயிருக்கு அண்ணாச்சி" என்றாள் பேச்சியக்கா.

அது ஈர மருந்து சூடேறுகிற நாற்றம் என்று அவருக்குத் தெரிந்தது. மூலைக்குப் போனார். காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடப் போகிற மாதிரி, சாக்குக்கு மேலே தொடாமல் உள்ளங்கையைப் பிடித்தார். சட்டென்று கையை எடுத்தார். சாக்கு காய்ந்து போயிருந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"வெளிய போங்க. ஓடாதீங்க. நடங்க."

நான் பேச்சியக்காவை இழுத்துக்கொண்டு வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். சுந்தரி எழுந்திருக்கவில்லை. அவளுக்குக் கால் வரவில்லை. வட்டகையை வெறித்துப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தாள். "எம் மக! எம் மக!" என்று பேச்சியக்கா திமிறினாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவளைக் காப்பாற்றப் பிடித்தேனா, என்னைவிட்டுப் போகாமல் இருக்கப் பிடித்தேனா, எனக்கே தெரியாது. நான் உள்ளே போகவில்லை. வைத்தது நான். வெளியே நின்றதும் நான்.

அவர் அந்த வட்டகையைத் தாண்டிச் சுந்தரியிடம் போனார். அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது. "எனக்கும் கால் வரல தாயி. ரெண்டு பேரும் சேந்து எந்திரிப்போம்." அவள் கையைப் பிடித்துத் தூக்கினார். வட்டகைக்குத் தன் முதுகைக் காட்டிக்கொண்டு அவளை முன்னால் விட்டு நடந்தார். சுந்தரி பின்வாசலைத் தாண்டினாள். அவர் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. வெள்ளையாக ஒரு வெளிச்சம். சத்தம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

சுந்தரிக்குச் சடை நுனி மட்டும் பொசுங்கியது. அவருக்கு முதுகு, கழுத்து, இரண்டு கைகள்.

அறையில் மருந்து வைத்தது யார் என்று கேட்டு விசாரணை வந்தது. மல்லாங்கிணத்தாதான் என்று பேச்சியக்கா முடிவு கட்டிவிட்டாள். சனிக்கிழமை புதிதாக வந்து உட்கார்ந்தவள் அவள்தானே. வேனில் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள், இறங்கியதும் மண்ணை வாரித் தூற்றினாள். "எம் மகளுக்குப் பரிசம் போட்ட அன்னைக்குப் பாடை கட்டப் பாத்தியேட்டி!" மல்லாங்கிணத்தா அழுதுகொண்டே என்னைப் பார்த்தாள். அந்தச் சனிக்கிழமை அறையிலிருந்து கடைசியாக வெளியே வந்தது நான்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வெளியூர்க்காரி பேச்சை யார் கேட்பார்கள்? நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனது பத்து நாள் கழித்து. குப்புறப் படுத்திருந்தார். வலியில் முனகினார். என்னைப் பார்த்ததும் முனகலை நிறுத்தவில்லை. வீரம் காட்டுகிற ஆள் இல்லையே.

"ஏன் எம் பேரச் சொல்லல?" என்றேன். கேட்கப் போனது மன்னிப்பு. வந்தது கோபம். "பெரிய மனுசன்னு காட்டுதீகளா? ஒங்க சாமி மாதிரி கருகிட்டா சரியாப் போச்சா?"

"நானும் பாக்கல" என்றார்.

"என்னத்த?"

"சாயங்காலம் ரூமப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும். அன்னைக்கு ஜெபக்கூட்டத்துக்கு நேரமாச்சு. பாக்காமயே போட்டேன். பாத்திருந்தா மருந்து அங்கனயே கெடந்திருக்காது." மூச்சு வாங்கினார். "ஒம் பேரச் சொன்னா எம் பேரு மறஞ்சிரும்லா. அதான் சொல்லல."

நான் கிளம்பத் திரும்பினேன்.

"மேனேஜர்ட்ட சொல்லுததும் சொல்லாததும் ஒம் பாடு. மல்லாங்கிணத்தா வீட்ல கெடக்கா. அது ஒனக்குத் தெரியும். பேச்சிட்ட சொல்லணும் தாயி."

"கொன்னுருவா."

"கொல்லுவா. நானும் கூட வாரேன்."

மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போர்மேன் கவனிக்கலன்னு எழுதி முடிச்சாச்சு. போயி வேலையப் பாரு." அண்ணாச்சியின் போர்மேன் சர்டிபிகேட் போனது. கடைசிவரை ஒரு அச்சாபீஸ் வாசலில் வாட்ச்மேனாக இருந்துதான் செத்தார். மஞ்சள்காமாலை. இங்கே எல்லோரும் வெடித்துத்தான் சாவார்கள் என்று இல்லை.

அந்த வருஷத் தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலயம் முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். கை இரண்டிலும் கட்டு. கழுத்தில் புதுத்தோல் ரோஸ் நிறத்தில் பளபளவென்று இருந்தது. இரண்டு பேரும் பேச்சியக்கா வீட்டுக்குப் போனோம்.

அவரைக் கண்டதும் பேச்சியக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வாங்க அண்ணாச்சி, வாங்க. எம் பிள்ளைக்கு உசுரு குடுத்த சாமி" என்று பாயை விரித்தாள். அவர் உட்காரவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, அந்த மருந்த வச்சது நாந்தான்."

பேச்சியக்காவுக்குப் புரிய நேரம் ஆனது. புரிந்ததும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் தோளைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளினாள். "எம் மக கல்யாணத்துக்கு மஞ்ச இடிக்க வேண்டியவ நீ. இந்த வாசல மிதிச்ச, வெட்டிருவேன்." பிறகு உள்ளே திரும்பினாள். "நீங்க உக்காருங்க அண்ணாச்சி."

அவர் வெளியே வந்தார். தெருவில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஒங்கள யாரும் ஒண்ணும் சொல்லல. உள்ள வாங்க."

"நானும் அந்த ரூமப் பாக்காம கையெழுத்துப் போட்டவன் பேச்சி. இவள வெளிய நிறுத்துனா நானும் வெளியதான் நிக்கணும்."

"ஒங்களயும் இவளயும் ஒண்ணா வைப்பேனா?"

உச்சி நேரம். தெருவில் நிழல் கிடையாது. எதிர்வீட்டுக்காரர்கள் வந்து நின்று பார்த்தார்கள். "நீங்க போங்க அண்ணாச்சி, நா பட்டுக்கிடுதேன்" என்று நான் சொன்னேன். அசையவில்லை. தீக்காயம் ஆறின தோலுக்கு வெயில் ஆகாது. கண் முன்னாலேயே அவர் கழுத்து சிவந்துகொண்டு வந்தது. பல்லைக் கடித்தார். அப்புறம் வாய்விட்டே முனகினார். வெட்கப்படாமல், தெருவே பார்க்க.

பேச்சியக்கா வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் சுந்தரி.

"எந்த ஊரு நியாயம் இது?" என்று பேச்சியக்கா கத்தினாள். "தப்புப் பண்ணவ நிக்கட்டும். நீங்க ஏன் வேகுதீக?" அவள் என்னைப் பார்த்துக் காறித் துப்பினாள். ஆனால் கதவைச் சாத்தவில்லை. "வந்து தொலைங்க ரெண்டு பேரும்" என்றாள்.

சுந்தரி தண்ணீர் கொண்டுவந்தாள். கட்டுப் போட்ட கையால் அவருக்குத் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பேச்சியக்கா என்னை முறைத்தாள். நான் வாங்கி அவர் வாயில் வைத்தேன். பாதி அவர் சட்டையில் கொட்டியது.

பிறகு பேச்சியக்கா, "அவளப் போட்டு அடிச்சேனே" என்றாள். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. "ஒண்ணுந் தெரியாதவள வேன்ல வச்சு, அத்தன பேரு முன்னால அடிச்சேனே." எழுந்தாள். ஈரத் துண்டு ஒன்றை அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். "வாங்க. நானும் வாரேன்."

மல்லாங்கிணத்தா வீடு ஊர்க் கடைசியில். மூன்று பேரும் நடந்தோம். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அம்மிச் சத்தம் கேட்டது. அவரால் தட்ட முடியாது. பேச்சியக்கா கையைத் தூக்கினாள், இறக்கிக்கொண்டாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் தட்டினேன். அம்மிச் சத்தம் நின்றது.